சுத்தம் வேறு, தீட்டு வேறு: உணவுப் பாதுகாப்புச் சட்டம் யார் கையில் இருக்க வேண்டும்?

(காலாப்பட்டில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உணவு அரசியல் என்று சொன்னவுடன் மாட்டுக்கறி பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அதையும் பேசுவேன். ஆனால் முதலில் பேச வந்திருப்பது கேட்கவே சலிப்பான ஒரு விஷயம். கடைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்களே, ஃபுட் லைசென்ஸ், அதைப் பற்றி. அதற்குப் பின்னால் இருக்கிற சட்டம், விதிகள், பயிற்சி, ஆய்வு இவற்றைப் பற்றி. நம்முடைய ஆட்கள் இதை அதிகாரிகளின் வேலை என்று ஒதுக்கிவிட்டோம். நாம் ஒதுங்கிய இடத்தில் தீட்டு வந்து உட்கார்ந்துகொண்டு, தன் பெயரைச் சுகாதாரம் என்று மாற்றிக்கொண்டிருக்கிறது. இன்று என் பேச்சு முழுக்க இதுதான்.

இந்த விஷயத்தைப் பேசுவதற்குக் காலாப்பட்டைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகம், அம்பேத்கர் பெயரில் அரசு சட்டக் கல்லூரி, தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மருத்துவக் கல்லூரி, மத்தியச் சிறை எல்லாம் ஒரே ஊரில் இருக்கின்றன. அத்தனை இடத்திலும் பெரிய பெரிய சமையற்கூடங்கள். வெளியே ஈசிஆர் ஓரம் தள்ளுவண்டிகள், டீக்கடைகள், பிரியாணிக் கடைகள். கிழக்கே நடந்தால் மீனவர் ஊர்கள். கூடையில் மீன் விற்கிற பெண்கள். இவர்கள் அத்தனை பேரும் சட்டத்தின் பார்வையில் ஒரே பெயர்தான்: உணவு வணிகர்கள். ஐந்து நட்சத்திர ஓட்டலும் உணவு வணிகர். மீன்கூடை அம்மாவும் உணவு வணிகர்.

ஏழு கேள்விகள்

1954இல் வந்தது உணவுக் கலப்படத் தடைச் சட்டம். அதன் கவனம் கலப்படக்காரனைப் பிடித்துத் தண்டிப்பதில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம். 2011 ஆகஸ்ட் 5 முதல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்தது. கெட்டுப்போன பிறகு பிடிப்பதைவிட, கெடாமல் செய்வது எப்படி என்று பார்க்கிற சட்டம் இது. அதன் கீழ் வந்த உரிமம், பதிவு விதிகளில் 'அட்டவணை 4' என்று ஒரு பகுதி உண்டு. தண்ணீர், தரை, கழிவு, கை, துணி, பாத்திரம், பூச்சி, எலி என்று எல்லாவற்றையும் அது பேசுகிறது. சட்டம் படிக்கிற தோழர்கள் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

இந்த விதிகளுக்கு அடிப்படையான முறைக்கு 'ஹாசப்' என்று பெயர். 1960களில் அமெரிக்காவில் விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்தபோது உருவானது. பில்ஸ்பரி என்ற உணவு நிறுவனம், நாசா, அமெரிக்க ராணுவத்தின் நாட்டிக் ஆய்வகம் மூன்றும் சேர்ந்து உருவாக்கின. விண்வெளியில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சமைத்து முடித்த பொட்டலங்களில் சிலவற்றைப் பிரித்துச் சோதித்தால் போதாது. ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரித்துச் சோதித்தால் சாப்பிட ஒன்றும் மிஞ்சாது. ஆகவே செய்முறையையே கண்காணிப்பது என்று முடிவு செய்தார்கள்.

ஹாசப் ஏழு கொள்கைகள் என்பார்கள். நான் ஓட்டல் தொழிலாளர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கிறவன். அங்கே ஏழு கேள்விகள் என்று சொல்வேன். எங்கே ஆபத்து வரலாம்? எந்த இடத்தில் அதைத் தடுக்க முடியும்? அந்த இடத்தில் அளவு என்ன? அதை யார், எப்படிக் கவனிப்பது? அளவு தவறினால் என்ன செய்வது? செய்கிற முறை சரிதானா என்று எப்படிச் சோதிப்பது? இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறாயா?

ஈசிஆர் ஓரத்து இட்லி வண்டிக்கு இந்தக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்போம். இட்லியில் பெரிய ஆபத்து இல்லை. மாவு புளித்தது, கொதிக்கிற ஆவியில் வேகிறது, சூடாகத் தின்றுவிடுகிறோம். சாம்பார் அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தால் அதுவும் பரவாயில்லை. ஆபத்து தேங்காய்ச் சட்னியில் இருக்கிறது. பச்சைத் தேங்காய், காய்ச்சாத தண்ணீர், வெயிலில் நாலு மணி நேரம். 5 டிகிரி செல்சியசுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம்முடைய கடற்கரை வெயில் சரியாக அதற்கு நடுவில் வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்? காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் அரைக்கலாம். ஒரே தடவையாக அரைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று தடவை அரைக்கலாம். மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். பழைய சட்னியைப் புதிதில் கலக்கக் கூடாது. அடுத்த ஆபத்து தட்டு. ஒரே வாளித் தண்ணீரில் ஐம்பது தட்டு முக்கி எடுத்தால் ஐம்பதாவது ஆளுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது கை. காசு வாங்கிய கையிலேயே பரிமாறுவது.

மீன்கூடைக்கு வாருங்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் ஐசில் வைக்காவிட்டால் அவற்றின் சதையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், அரிக்கும், தலை வலிக்கும். மீன் விற்கிற அம்மாவின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கடலிலிருந்து கூடை வரைக்கும் ஐஸ் இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஏழு கேள்விகளையும் கேட்டீர்கள். இவற்றில் எங்காவது 'நீ என்ன ஆளு?' என்ற கேள்வி வருகிறதா? வராது. அந்தக் கேள்விக்கு இந்த முறையில் வேலையே இல்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி மனிதர்களின் மூக்கிலும் தோலிலும் புண்ணிலும் இருப்பது. பூணூல் போட்டவரின் மூக்கிலும் இருக்கும், போடாதவரின் மூக்கிலும் இருக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்குச் சமைக்காதே என்கிறது விதி. காயம் ஆறினால் மறுநாள் சமைக்கலாம். தீட்டு அப்படியா? ஒருவரின் பிறப்பை எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஆற விடாத ஏற்பாட்டுக்குத்தான் தீட்டு என்று பெயர்.

குளத்தில் ஊற்றிய 108 குடம்

சுத்தமும் தீட்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதை 1927இல் மகாராஷ்டிராவின் மகத் நகரம் உலகத்துக்குக் காட்டியது. மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் சவுதார் குளத்துக்குப் போய்த் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். எப்படி? 108 குடங்களில் பஞ்சகவ்வியம் கரைத்து ஊற்றினார்கள். பால், தயிர், நெய்யோடு மாட்டுச் சாணமும் மூத்திரமும் சேர்ந்ததுதான் பஞ்சகவ்வியம். குடிதண்ணீரில் சாணத்தை ஊற்றிவிட்டு இப்போது சுத்தமாகிவிட்டது என்றார்கள். இன்றைக்கு ஒரு உணவுப் பாதுகாப்பு அலுவலர் அந்தக் குளத்தைச் சோதித்தால், மனிதர்கள் கைவைத்த நாளில் இருந்ததைவிடச் 'சுத்தம்' செய்த நாளில்தான் அது குடிக்க லாயக்கில்லாமல் இருந்தது என்று எழுதிக்கொடுப்பார்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய்யில் கலப்படம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. நெய்யில் என்ன இருந்தது என்பது ஆய்வகத்தில் தீர வேண்டிய கேள்வி. விசாரிக்க உச்ச நீதிமன்றம் அக்டோபரில் ஒரு சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அதிகாரிக்கும் இடம் கொடுத்தது. அது சரியான வழி. ஆனால் அதற்கு முன்பே, செப்டம்பர் 23 அன்று, கோயிலில் சாந்தி ஹோமம் நடத்திப் பஞ்சகவ்வியம் தெளித்தாகிவிட்டது. மகத்துக்கும் திருப்பதிக்கும் நடுவில் 97 ஆண்டுகள். பரிகாரம் மாறவில்லை.

பிரிக்க வேண்டியது எதை?

உணவுப் பாதுகாப்பில் முக்கியமான பிரிவினை ஒன்று உண்டு. பச்சையும் வெந்ததும் சேரக் கூடாது. பச்சைக் கோழி நறுக்கிய பலகையில் வெங்காயம் நறுக்கக் கூடாது. அந்தக் கத்தியால் வெந்த கறியைத் தொடக் கூடாது. அதாவது பச்சைக்கறி ஒரு பக்கம். வெந்த கறியும் வெந்த பருப்பும் இன்னொரு பக்கம். நன்றாகக் கொதித்த மாட்டுக்கறிக் குழம்பு, மேசையில் மூன்று மணி நேரமாகக் காத்திருக்கும் தயிர்ப் பச்சடியைவிட வயிற்றுக்குப் பாதுகாப்பானது.

நம் சமூகம் பிரிப்பது இப்படியா? 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் ஒரு மெஸ்ஸில் சைவர்களுக்கும் அசைவர்களுக்கும் தனித்தனி வாசல், கை கழுவத் தனித்தனித் தொட்டி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் அதை வெளியே கொண்டுவந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அகற்றப்பட்டது. கை கழுவும் இடத்துக்கு என்ன சைவம், என்ன அசைவம்? சோப்புப் போட்டுக் கழுவினால் இரண்டு கையும் ஒன்றுதானே? 2024 மார்ச்சில் சொமேட்டோ 'சுத்த சைவ' வாடிக்கையாளர்களுக்காகத் தனியாகப் பச்சைச் சட்டை போட்ட ஆட்களை அனுப்புவதாக அறிவித்தது. மறுநாளே சட்டை நிறத்தைத் திரும்பப் பெற்றது. மூடிய பெட்டிக்குள் இருக்கிற சோற்றுக்கு, அதைத் தூக்கி வருகிறவரின் சட்டை நிறத்தால் என்ன ஆகிவிடும்?

அட்டவணை 4ஐக் கவனமாக வாசித்தால் ஒரு சிக்கல் தெரியும். பச்சையையும் வெந்ததையும் பிரி என்று சொல்கிற விதிகள், சைவத்தையும் அசைவத்தையும் பிரி என்றும் சொல்கின்றன. முதலாவது கிருமியைப் பற்றியது. இரண்டாவது சாப்பிடுகிறவரின் விருப்பத்தைப் பற்றியது. ஒருவர் கறி வேண்டாம் என்றால் அவர் தட்டில் கறி விழாமல் பார்ப்பது நியாயம்தான்; அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் விருப்பம் என்று சொல்ல வேண்டியதைப் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் எழுதும்போது, கறி சாப்பிடுகிறவன் ஆபத்தானவன் என்ற அர்த்தம் தானாக வந்துவிடுகிறது. பச்சைப் புள்ளி என்பது முட்டையோ கறியோ மீனோ இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது. சுத்தமானது என்று அது சொல்லவே இல்லை. 'சுத்த சைவம்' என்ற போர்டு அதையும் சேர்த்துச் சொல்கிறது.

போர்டில் எழுதிய பெயர்

போர்டு அரசியல் நமக்குப் புதிதல்ல. தென்னிந்திய ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்தது. சுயமரியாதை இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்பால் 1941இல் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். ஒரு சொல்லுக்காகவா இத்தனை என்று அன்றைக்கும் கேட்டார்கள். சமைப்பவரின் பிறப்பைச் சமையலின் தரமாக விற்காதே என்பதுதான் அந்தப் போராட்டம். இன்றைய மொழியில் சொன்னால், அது ஓர் உணவுப் பாதுகாப்புப் போராட்டம்.

2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் அதே போர்டு வேறு வழியாக வந்தது. காவடி யாத்திரை போகும் பாதையில் உள்ள கடைகள் எல்லாம் உரிமையாளர் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று முசாபர்நகர் போலீஸ் உத்தரவிட்டது. நம் நாட்டில் பெயர் என்றால் மதம், பெயர் என்றால் சாதி. ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு என்று எழுதச் சொல்லலாம், யார் என்று எழுதும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. உணவுப் பாதுகாப்புச் சட்டம் தனக்கென்று உள்ள அதிகாரிகளுக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தைப் போலீஸ் எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் அந்த உத்தரவு சொன்னது. அந்த வழக்கில் நீதிபதி எஸ்.வி.என். பட்டி தன் அனுபவம் ஒன்றைச் சொன்னார். கேரளத்தில் அவர் இருந்த ஊரில் இந்து ஒருவர் நடத்திய சைவ ஓட்டலும் முஸ்லிம் ஒருவர் நடத்திய சைவ ஓட்டலும் இருந்தன. அவர் முஸ்லிம் நடத்தியதற்குத்தான் போவாராம். காரணம், அங்கே சர்வதேசத் தரத்தில் சுத்தம் இருந்தது.

ஹாசப்பைப் பற்றி நான் ஒரு மணி நேரம் பேசினாலும் அவர் சொன்னதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வருடம் செப்டம்பரிலேயே உத்தரப் பிரதேச அரசு, உணவுக் கலப்படத்தைத் தடுப்பது என்ற காரணத்தைச் சொல்லி, எல்லா உணவகங்களும் பெயர் எழுத வேண்டும் என்று மறுபடியும் கிளம்பியது. கலப்படத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் மாதிரி எடு, ஆய்வகத்துக்கு அனுப்பு. பெயரைச் சோதித்தால் நெய்யின் தரம் தெரியுமா?

உத்தரப் பிரதேசத்தைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் நம் பக்கமும் பார்க்க வேண்டும். 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது, மழையைக் காரணம் காட்டி விழாவையே தள்ளிவைத்தார்கள். பிறகு மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் அது பாகுபாடு இல்லையா என்று மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடலில் ஓர் உணவுத் திருவிழா. அதிலும் மாட்டுக்கறி பிரியாணி இல்லை. கேள்வி கேட்ட பிறகுதான் கடை வந்தது. அந்த விழாவை நடத்தியதில் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் பங்கு உண்டு என்பதுதான் கவனிக்க வேண்டியது. மாட்டுக்கறி சட்டப்படியான உணவு. முறையான அறுவைக்கூடம் கட்டிக்கொடுக்காமல், குளிர்பெட்டிக்குக் கடன் கொடுக்காமல், கடையை ஊருக்கு வெளியே சாக்கடைப் பக்கம் தள்ளிவிட்டு, பிறகு 'அங்கே சுகாதாரம் இல்லை' என்று சொல்வது எந்தச் சட்டத்தில் வருகிறது?

சமைக்கிற கை

இப்போது எல்லாவற்றையும்விட வலிக்கிற இடத்துக்கு வருகிறேன். 2018 ஜூலையில் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் ஒரு தலித் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாவையே இடம் மாற்றினார்கள். போராட்டத்துக்குப் பிறகு உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2023 செப்டம்பரில் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூரில், முதலமைச்சரின் காலை உணவை ஒரு தலித் பெண் சமைக்கிறார் என்று சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை. மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அங்கேயே சாப்பிட வேண்டியிருந்தது. இதே ஈசிஆர் சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரம். 2021இல் அங்கே கோயில் அன்னதானத்தில் நரிக்குறவர் பெண் ஒருவரை உட்கார விடாமல் எழுப்பினார்கள். விஷயம் வெளியே வந்த பிறகு அமைச்சர் போய் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஆட்சியர் சாப்பிட்டதும் அமைச்சர் சாப்பிட்டதும் நல்லது. ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆட்சியர் போய்ச் சாப்பிட முடியுமா?

கோயில் பிரசாதத்துக்கும் அன்னதானத்துக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'போக்' என்ற பெயரில் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் பல கோயில்கள் அதை வாங்கியிருக்கின்றன. தண்ணீர், அடுப்பு, எண்ணெய், தலையுறை எல்லாம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பந்தியில் யாரை எழுப்பினார்கள் என்று பார்ப்பதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கிறதா? மடப்பள்ளிக்குள் எந்தச் சாதியில் பிறந்த ஆய்வாளரும் நுழைந்து சோதிக்க முடிகிறதா? கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

இன்னொரு சம்பவம். 2013 ஜூலை 16 அன்று பிகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். காரணம் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. சமையல் எண்ணெயில் அது கலந்திருந்தது. பூச்சிமருந்தும் எண்ணெயும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி டப்பாவில் இருக்கக் கூடாது என்பது ஹாசப்பின் அரிச்சுவடி. குழந்தைகளைக் கொன்றது அந்த டப்பா. நம் ஊர்ப் பள்ளிகளில் டப்பாவைப் பார்க்க வேண்டிய கண்கள் சமையல்கார அம்மாவின் சாதியைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தீட்டு நம்மைக் காப்பாற்றாது என்பது மட்டுமில்லை. எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்க்க விடாமல் செய்து ஆளையும் கொல்லும்.

கை கழுவத் தண்ணீர் எங்கே?

ஆய்வுக்கு வருகிற ஜீப் பெரும்பாலும் எங்கே நிற்கிறது? தள்ளுவண்டிப் பக்கத்தில். சாலையோர வணிகர்களுக்கு 2014இல் தனிச் சட்டம் வந்தது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய இடம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இந்த ஊர் வண்டிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் சார்பில் அந்தக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று.

'கை கழுவு' என்கிறது விதி. சரி. எங்கே? ஈசிஆர் ஓரம் சாயங்காலம் நாலு மணி முதல் இரவு பதினொரு மணி வரை நிற்கிற பெண்ணுக்கு ஒரு பொதுக் குழாய், ஒரு கழிப்பறை எங்கே இருக்கிறது? கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நிற்கிற பெண்களை எனக்குத் தெரியும். குழாய் கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? புதுச்சேரியில் 38 ஆண்டுகளுக்குப் பிறகு 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் அவர்கள் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. கவுன்சிலர் இல்லாத ஊரில் அடிகுழாய் அதிகாரியின் கருணையாகிவிடுகிறது. சாலையில் கொஞ்ச தூரம் போனால் விழுப்புரம் மாவட்டம். வேறு மாநிலம், வேறு ஆய்வாளர். வண்டி நாலு அடி நகர்ந்தால் பிரச்சினையைப் பக்கத்து மாநிலத்துக்குத் தள்ளிவிடலாம்.

பெரிய சமையற்கூடங்களுக்குள்ளும் போய்ப் பார்ப்போம். உணவைத் தொடுகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி என்கிறது விதி. அந்தச் செலவைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கிற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஓரிடத்தில் பயிற்சிக்குப் போனபோது, பாத்திரம் கழுவுகிறவர்களுக்கும் சாக்கடை பார்க்கிறவருக்கும் டீ குடிக்கத் தனி டம்ளர் வைத்திருந்தார்கள். கேட்டதற்கு 'ஹைஜீன் சார்' என்றார் மேலாளர். ஹைஜீன் என்றால் எல்லா டம்ளரையும் வெந்நீரில் கழுவ வேண்டும். ஆளுக்கு ஏற்ற டம்ளர் என்றால் அது தீண்டாமை. 2018 முதல் சொல்லிவருகிற 'ஈட் ரைட் இந்தியா' வண்ணப் படங்களில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாம் கேட்க வேண்டியது

அட்டவணை 4 எலி இருக்கிறதா என்று கேட்கிறது. ஈ இருக்கிறதா என்று கேட்கிறது. இரட்டைக் குவளை இருக்கிறதா என்று கேட்பதில்லை. இதைக் கேட்க வை என்பதுதான் என் முதல் கோரிக்கை.

இது ஆகாத காரியமில்லை. சட்டத்தில் இதற்கு வேர் இருக்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976இல் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய சட்டத்தை எடுத்துப் பாருங்கள். உணவகத்தில் நுழைவதையும், அங்கே பொதுவாக வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தீண்டாமையின் பேரில் தடுப்பது பிரிவு 4இன்படி குற்றம். மற்றவர்களுக்கு விற்கிற அதே நேரத்தில், அதே இடத்தில், அதே நிபந்தனைகளில் விற்க மறுப்பது பிரிவு 6இன்படி குற்றம். வேறு குவளையில் டீ கொடுப்பது அதே நிபந்தனையா? சட்டக் கல்லூரித் தோழர்கள் இதை வாதாடிக் காட்ட வேண்டும். ஏனென்றால் பிரிவு 8 என்ன சொல்கிறது? பிரிவு 6இல் தண்டனை பெற்றவர் அந்தத் தொழிலுக்கு லைசென்ஸ் வைத்திருந்தால், அதை ரத்து செய்யவோ நிறுத்திவைக்கவோ நீதிமன்றம் உத்தரவிடலாம். லைசென்ஸுக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டனை வரும்வரை காத்திருக்காமல், உணவு உரிமத்தின் நிபந்தனையிலேயே அதைச் சேர் என்று கேட்போம். பயிற்சிப் பாடத்திலும் சேர்க்கட்டும்.

இரண்டாவது கோரிக்கை, விதியைக் கேட்கிற அரசு வசதியைக் கொடுக்க வேண்டும் என்பது. வண்டிகள் நிற்கிற இடத்தில் குடிநீர்க் குழாய், கழிப்பறை, கழிவு எடுக்க ஆள். மீன் விற்கிற பெண்களுக்கு ஐஸ், ஐஸ் பெட்டி, நிழல். 2023இல் ஒன்றிய அரசு ஓர் உணவுத் தெருவுக்கு 1 கோடி ரூபாய் என்று 100 தெருக்களுக்கு அறிவித்ததே, அப்படிப்பட்ட பணம் எங்கள் தெருவுக்கு எப்போது வரும், வரும்போது இப்போது நிற்கிறவர்கள் அங்கே இருப்பார்களா என்று கேட்க வேண்டும். தெரு அழகான பிறகு இட்லி அம்மா காணாமல்போன கதைகள் நிறைய இருக்கின்றன.

மூன்றாவது அரசிடம் கேட்பதில்லை, உங்களிடம் கேட்பது. 2011 விதிகள் வந்தபோது ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வியாபாரிக்குப் பதிவுக் கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். விண்ணப்பம் ஆன்லைனில். இடைத்தரகர்கள் இதற்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்று வண்டிக்காரர்களைக் கேளுங்கள். உங்கள் கையில் போன் இருக்கிறது, சாயங்காலம் நேரம் இருக்கிறது. பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு மாதத்தில் இந்தச் சாலையில் உள்ள அத்தனை வண்டிக்கும் பதிவு போட்டுவிடலாம். அந்தச் சான்று கையில் இருந்தால், அடுத்த முறை 'அசுத்தம்' என்று சொல்லி வண்டியைத் தூக்க வருகிறவரிடம் எந்த விதி, எந்த எண் என்று கேட்க ஒரு பிடி கிடைக்கும். அப்படியே உங்கள் விடுதி மெஸ்ஸில் போய்த் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள், தொழிலாளர்களின் மருத்துவச் சான்றைக் கேளுங்கள், அவர்கள் எங்கே உட்கார்ந்து எதில் சாப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

'சுத்தமாக இருக்காது' என்று யாராவது ஒரு கடையைப் பற்றி, ஒரு சமையல்காரரைப் பற்றிச் சொன்னால் சும்மா கேட்டுக்கொண்டு இருக்காதீர்கள். எது சுத்தமில்லை என்று கேளுங்கள். தண்ணீரா, சூடா, கையா, டப்பாவா? பதில் இருந்தால் சேர்ந்து சரிசெய்வோம். பதில் இல்லாமல் முகத்தை மட்டும் சுளித்தால், அங்கே பேசுவது சுகாதாரம் இல்லை என்று அவரிடமே சொல்லுங்கள்.